நாள்காட்டியில் யாருக்கு இடம்? குடியரசுத் தலைவர்கள், நினைவு நாள்கள், கிண்டி–தாம்பரம் தடம்

செப்டம்பர் 5 ஆசிரியர் நாள். டிசம்பர் 3 வழக்கறிஞர் நாள். அக்டோபர் 15 தமிழ்நாட்டில் இளைஞர் எழுச்சி நாள். இம்மூன்றும் இந்தியக் குடியரசின் முன்னாள் தலைவர்கள் மூவரின் பிறந்தநாள்கள். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், ராஜேந்திர பிரசாத், ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் ஆகிய மூவரையும் ஒவ்வொரு துறையோடு பொருத்தி, ஆண்டுக்கொரு முறை நாடு நினைத்துக்கொள்கிறது. அக்டோபர் 27 அன்று அப்படி எதுவும் நடப்பதில்லை. அது கே.ஆர். நாராயணனின் பிறந்தநாளாக அரசு ஆவணங்களில் உள்ள நாள். 1997 முதல் 2002 வரை பதவி வகித்த அவர், இந்நாட்டின் முதல் தலித் குடியரசுத் தலைவர்.

இதை உடனே சாதியப் புறக்கணிப்பு என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் ஜாகிர் உசேனுக்கும் வி.வி. கிரிக்கும் தஞ்சை மண்ணிலிருந்து சென்ற ஆர். வெங்கட்ராமனுக்கும்கூட அத்தகைய நாள் கிடையாது. ஆகவே கேள்வியைச் சற்று விரிவாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு மனிதரின் பிறப்போ இறப்போ பொதுநாளாக மாறுவது எவ்வாறு? அதை முடிவு செய்வோர் யார்? எந்த நாள் மக்களிடமிருந்து அரசுக்குப் போகிறது, எது அரசிடமிருந்து மக்களுக்கு இறக்கப்படுகிறது? அமெரிக்காவின் பட்டறிவை அருகில் வைத்து, கிண்டி முதல் தாம்பரம் வரையிலான தென்சென்னைப் புறநகர்த் தடத்தை ஒருமுறை வாசித்தால் விடையின் பெரும்பகுதி புலப்படும் என்று கருதுகிறோம். இந்தத் தடத்தில் அன்றாடம் மின்ரயிலில் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்களை மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வாஷிங்டனின் பிறந்தநாளும் வாஷிங்டனின் அடிமைகளும்

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது பிப்ரவரி 22. 1879-இல் தலைநகர்ப் பகுதியின் கூட்டாட்சி அரசு ஊழியர்களுக்கும் 1885-இல் நாடெங்குமுள்ள கூட்டாட்சி ஊழியர்களுக்கும் அது விடுமுறையாயிற்று. 1968-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று சில விடுமுறைகளைத் திங்கட்கிழமைகளுக்கு மாற்றியது. 1971 முதல் வாஷிங்டன் நாள் பிப்ரவரி மாதத்தின் மூன்றாம் திங்கள். மூன்றாம் திங்கள் என்பது 15-ஆம் தேதிக்கும் 21-ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். எனவே வாஷிங்டன் பிறந்தநாள் வாஷிங்டன் பிறந்த நாளில் ஒருபோதும் வருவதில்லை! மக்கள் வழக்கில் அது 'குடியரசுத் தலைவர்கள் நாள்' ஆகிவிட்டது. கடைகளில் மெத்தைக்கும் மகிழுந்துக்கும் தள்ளுபடி அறிவிக்கும் நாளுமாயிற்று. அடிமை முறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனின் பிறந்தநாளான பிப்ரவரி 12 மட்டும் இன்றுவரை கூட்டாட்சி விடுமுறை ஆகவில்லை.

1799-இல் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தனர். அவர்களில் 123 பேர் அவருடைய நேரடி உடைமை. அமெரிக்கத் தலைவர்களில் பன்னிருவர் தம் வாழ்நாளில் அடிமைகளை வைத்திருந்தவர்கள். எண்மர் பதவியில் இருந்தபோதே வைத்திருந்தவர்கள். வாஷிங்டனின் வீட்டிலிருந்து 1796-இல் தப்பிச் சென்ற ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண்ணை மீட்டுவர அவர் பலமுறை முயன்றார். அவள் திரும்பவேயில்லை. தலைவர்களின் நாளை நாள்காட்டி காட்டும். அவர்கள் வீட்டில் சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், தப்பியோடியவர்கள் என்று பிறந்தார்கள் என்பதைக் காட்டாது.

இதைவிடக் கூர்மையான கதை ஒன்று சார்ல்ஸ்டன் நகரத்தில் உண்டு. உள்நாட்டுப் போரின் இறுதியில், கிண்டியில் உள்ளதைப் போன்ற ஒரு குதிரைப் பந்தயத் திடலைத் தென்பகுதிப் படையினர் சிறைமுகாமாக வைத்திருந்தனர். அங்கே நோயாலும் பட்டினியாலும் இறந்த 257 வடபகுதி வீரர்கள் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருந்தனர். நகரம் விடுவிக்கப்பட்டதும் அண்மையில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அவ்வுடல்களை எடுத்து முறையாக அடக்கம் செய்தனர். வேலி அமைத்து வெள்ளையடித்தனர். 1865 மே 1 அன்று ஏறத்தாழ 10,000 பேர் ஊர்வலமாகச் சென்று மலர் தூவினர். முன்னணியில் நடந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள் 3,000 பேர். நாட்டுக்காக இறந்தோரை நினைக்கும் பொதுச்சடங்கு ஒன்றை அந்நாட்டில் முதன்முதலாக நடத்தியவர்கள் அவர்கள் என்று வரலாற்றறிஞர் டேவிட் பிளைட் எழுதுகிறார்.

ஆனால் அலுவல்முறை வரலாற்றில் அந்நாள் 1868 மே 30 அன்று தளபதி ஜான் லோகனின் ஆணையால் பிறந்ததாகவே சொல்லப்பட்டு வந்தது. 1966-இல் அமெரிக்க அரசு, நினைவு நாளின் பிறப்பிடம் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்லூ என்னும் சிற்றூர் என்று அறிவித்தே விட்டது. அடிமைகளாய் இருந்தோர் தொடங்கிய சடங்கு நாட்டுக்குப் பொதுவாயிற்று. தொடங்கியவர்கள் அதிலிருந்து நீங்கிப்போயினர். பிளைட் அப்பழைய செய்தியைக் காப்பகத்திலிருந்து எடுத்துக் காட்டும்வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது தூங்கியது.

மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஒரு நாள் வேண்டும் என்ற சட்ட முன்வரைவை, அவர் கொல்லப்பட்ட நான்காம் நாள், 1968 ஏப்ரலில் ஜான் கானியர்ஸ் என்ற உறுப்பினர் கொண்டுவந்தார். 1979-இல் ஐந்து வாக்குகள் குறைந்ததால் அது தோற்றது. 60 இலட்சம் கையொப்பங்கள் திரட்டப்பட்டன. 1983 நவம்பரில் ரீகன் கையெழுத்திட, 1986-இல் முதல் கிங் நாள் வந்தது. எல்லா மாநிலங்களும் ஏற்க 2000-ஆம் ஆண்டு ஆயிற்று. இன்றும் அலபாமா, மிசிசிப்பி ஆகிய இரு மாநிலங்களில் அதே நாள், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி ராபர்ட் லீக்கும் உரியது. டெக்சாசில் விடுதலைச் செய்தி எட்டிய 1865 ஜூன் 19-ஐ அங்குள்ள கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடி வந்தனர். நாட்டு விடுமுறையாக அது அறிவிக்கப்பட்டது 2021-இல். 156 ஆண்டுகள் கழித்து.

பதிவேட்டில் இல்லாத பிறப்பு

அடிமையாய்ப் பிறந்து பெரும் சொற்பொழிவாளராக உயர்ந்த பிரெடரிக் டக்ளசுக்குத் தாம் பிறந்த தேதி தெரியாது. அடிமைகளின் பிறப்பு உடைமைக் கணக்கில் வருமே தவிர நாள் குறித்து வைக்கப்படுவதில்லை. அவரே பிப்ரவரி 14-ஐத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். அந்தத் தேதியையும் லிங்கனின் பிறந்தநாளையும் உள்ளடக்கியே கார்ட்டர் உட்சன் 1926-இல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். அது 1976-இல் மாதமாக விரிந்தது. அதன் தூண்டுதலில்தான் 2015 முதல் ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் உருவாயிற்று. அதைத் தொடங்கியவர்களில் தமிழ் வழிவந்த அமெரிக்கரான தேன்மொழி சௌந்தரராஜனும் ஒருவர்.

இப்போது நாராயணனிடம் வருவோம். கேரளத்தின் உழவூரில் கொச்சேரில் ராமன் வைத்தியர் என்ற நாட்டு மருத்துவரின் மகன் அவர். பள்ளியில் சேர்த்துவிட வந்த மாமாவுக்குச் சிறுவன் பிறந்த தேதி தெரியவில்லை. 1920 அக்டோபர் 27 என்று ஏதோ ஒரு நாளைச் சொல்லி எழுதவைத்தார். உண்மையில் அவர் பிறந்தது 1921 பிப்ரவரி 4 என்று கூறப்படுகிறது. நாராயணன் பின்னாளில் அதைத் திருத்த முனையவில்லை. பள்ளிக்கூடம் கொடுத்த தேதியையே இறுதிவரை சுமந்தார்.

தமிழ்நாட்டுச் சேரிகளில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்குச் சென்ற முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் வியக்கத்தக்க எண்ணிக்கையில் இருப்பார்கள். தலைமையாசிரியர் சேர்க்கையின்போது கணக்குச் சரியாக வர எழுதிய தேதிகள் அவை. சாதகம் எழுதி வைக்கும் குடும்பத்துக்கு நாளும் நட்சத்திரமும் இருக்கும். 'பெருமழை பெய்த வருசம்', 'ஏரி உடைந்த ஆண்டு' என்று பிள்ளைப்பேற்றை நினைவு வைத்த குடும்பத்துக்கு அது இல்லை. பிறந்தநாள் விழா என்பதே முதலில் பதிவேடு உள்ளவர்களின் வழக்கம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நாராயணன் கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். 1943-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் முதலிடம் பெற்றார். விரிவுரையாளர் பணி தரப்படவில்லை. அதனால் பட்டமளிப்பு விழாவில் பட்டத்தை வாங்க மறுத்தார் என்பது அவர் வரலாற்றில் பரவலாகப் பதிவான செய்தி. பின்னர் இலண்டனில் ஹெரால்டு லாஸ்கியிடம் பயின்றது, சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதராக இருந்தது, ஒற்றப்பாலத்திலிருந்து மக்களவைக்கு மூன்று முறை சென்றது எல்லாம் பலரும் அறிந்தவை. குடியரசுத் தலைவராக அவர் செய்தவை போதிய அளவு பேசப்படவில்லை. 1997-இல் உத்தரப்பிரதேச அரசையும் 1998-இல் பீகார் அரசையும் கலைக்கச் சொன்ன ஒன்றிய அமைச்சரவையின் பரிந்துரைகளை மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பினார். முன்னது காங்கிரஸ் ஆதரவில் நின்ற கூட்டணி அரசின் காலம், பின்னது பாரதிய ஜனதா கூட்டணியின் காலம் என்பதைக் கவனிக்க வேண்டும். 1998 தேர்தலில் சாதாரண வாக்காளராக வரிசையில் நின்று வாக்களித்தார். பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவர் அவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நியமனங்களில் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் ஏன் காணப்படவில்லை என்று கோப்பிலேயே குறிப்பெழுதினார். 2000 சனவரியில் அரசமைப்பை மறு ஆய்வு செய்யும் பேச்சு எழுந்தபோது, அரசமைப்பு நம்மைக் கைவிட்டதா, நாம் அதைக் கைவிட்டோமா என்று நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்திலேயே கேட்டார்.

ராதாகிருஷ்ணனை ஆசிரியத் தொழிலோடு பொருத்தியதைப்போல, நாராயணனை எதனோடு பொருத்தலாம்? அரசமைப்பைக் காத்தலோடு என்பதே நமது விடை. 2015 முதல் நவம்பர் 26 அரசமைப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று கல்லூரிகளில் முகப்புரையை வாசித்துக் கலைகிறார்கள். அவ்வாசிப்புடன் நாராயணனின் 2000-ஆம் ஆண்டு உரையைச் சேர்த்து விவாதிக்க எந்த அரசாணையும் தேவையில்லை.

ஒரு நாள் அரசின் நாளாவது எவ்வாறு?

சட்டத்தின் நடைமுறையை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. இந்தியா முழுமைக்குமான தேசிய விடுமுறைகள் மூன்றே: சனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. மற்றவை அரசுகள் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலைச் சார்ந்தவை. வங்கிகளுக்கும் பொருந்த வேண்டுமானால் 1881-ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்பட வேண்டும். விடுமுறைக்கு அடுத்த படியில் இருப்பது 'கடைப்பிடிக்கும் நாள்'. அதற்கு விடுமுறை இல்லை. அலுவலகங்களில் உறுதிமொழி உண்டு. அதற்கும் கீழே உள்ளது அரசு விழா. அமைச்சரோ மாவட்ட ஆட்சியரோ சிலைக்கு மாலையிட, செய்தி மக்கள் தொடர்புத் துறை படம் வெளியிடும். இவற்றில் எதிலும் இடம்பெறாமல் மக்கள் தாமே கூடும் நாள்கள் அனைத்திற்கும் கீழே உள்ளன. ஒடுக்கப்பட்டோரின் நினைவு நாள்களில் பெரும்பாலானவை இந்தக் கடைசிப் படியில்தான் இருக்கின்றன. அங்கு அரசு வருவதுண்டு, ஆனால் பெரும்பாலும் காவல்துறையின் உருவில்.

டாக்டர் அம்பேத்கரின் பிறந்தநாளே இப்படிகளில் கீழிருந்து மேலே ஏறிய நாள்தான். 1928 ஏப்ரல் 14 அன்று புனேயில் ஜனார்தன் சதாசிவ் ரணபிசே அதை முதன்முதலாகப் பொதுவிழாவாக நடத்தினார். தமிழ்நாட்டில் 2022-இல்தான் அது சமத்துவ நாளாக அறிவிக்கப்பட்டு அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கும் நாளாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு பெரியார் பிறந்த செப்டம்பர் 17 சமூக நீதி நாளாக அறிவிக்கப்பட்டிருந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2021-இலேயே ஏப்ரல் 14-ஐ அம்பேத்கர் சமத்துவ நாளாக அறிவித்திருந்தது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

விடுமுறைப் பட்டியலில் ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டோடு சேர்ந்தே வருகிறது. 2008-இல் தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம் இயற்றப்பட்டதும் 2011-இல் அது நீக்கப்பட்டதும் நாம் அறிந்தவை. கோயிலுக்குச் செல்லும் குடும்பத்திற்கு அது சித்திரைப் பிறப்பு. நீலக்கொடி ஏற்றும் தெருவிற்கு அது அண்ணல் பிறந்தநாள். ஒரே விடுமுறைக்குள் இரண்டு ஊர்கள் வாழ்கின்றன. மிசிசிப்பியின் கிங்–லீ நாளோடு இதை ஒப்பிடுவது சற்று மிகைதான். ஆயினும் அம்பேத்கருக்கென்று தனியாக ஒரு விடுமுறையை அரசு ஒதுக்க வேண்டிய தேவையே தமிழ்நாட்டில் எழவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். தொழில் நிறுவனங்களுக்கான தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தில் கட்டாய விடுமுறைகளாகப் பெயர் சொல்லப்பட்டவை சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கே. ஏப்ரல் 14 அதில் இல்லை. அம்பேத்கர் நகர் என்ற பெயருள்ள குடியிருப்பிலிருந்து தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்பவருக்கு அன்றைய விடுப்பு, நிர்வாகம் தேர்ந்தெடுக்கும் பண்டிகைப் பட்டியலைப் பொறுத்தது.

டிசம்பர் 6-க்கு வேறொரு நிலை. 1956-இல் அண்ணல் மறைந்த நாள் அது. 1992-இல் அதே நாளில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதன்பின் டிசம்பர் முதல் வாரத்தில் எழும்பூர், தாம்பரம் போன்ற ரயில் நிலையங்களில் நாம் காண்பது மெட்டல் டிடெக்டரும் மோப்ப நாயும்தான். நினைவேந்தலுக்காக வெள்ளாடை அணிந்து வருவோரும் அச்சோதனையைக் கடந்தே செல்ல வேண்டும். அரசமைப்பை வகுத்தவரின் நினைவு நாள் பாதுகாப்பு எச்சரிக்கை நாளாகப் பொதுமனத்தில் பதிந்துவிட்டது.

கிண்டியிலிருந்து தெற்கே

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் காந்திக்கும் ராஜாஜிக்கும் காமராசருக்கும் பக்தவத்சலத்துக்கும் நினைவிடங்கள் உள்ளன. அதே வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கு மணிமண்டபம் உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்து, 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கி, வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தவர் அவர். 2023 டிசம்பர் 1 அன்று அங்கே அயோத்திதாசப் பண்டிதரின் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. இரண்டுமே நெடுங்காலக் கோரிக்கையின் விளைவுகள். அயோத்திதாசர் மறைந்தது 1914 மே 5. மண்டபம் வர 109 ஆண்டுகள் ஆயின.

ரயிலில் அடுத்த நிலையம் பரங்கிமலை. 1883 ஜூன் 17 அன்று அங்கே பிறந்தவர் எம்.சி. ராஜா. ஆசிரியர், பள்ளிப் பாடநூல்கள் எழுதியவர், குழந்தைகளுக்கான பாடல்களையும் எழுதியவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோரின் குரலாக ஒலித்தார். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று எழுத வேண்டும் என்னும் கோரிக்கையில் வென்ற ஆண்டு 1922. சைதாப்பேட்டையில் அவர் பெயரிலான மாணவர் விடுதியில் படித்து வெளியேறிய தலைமுறைகள் பல. 1932-இல் தனித்தொகுதிக் கோரிக்கைக்கு எதிராக மூஞ்சேவுடன் உடன்படிக்கை செய்தார் என்பதால் அம்பேத்கரியர்களிடையே அவர்மீது மனத்தாங்கல் உண்டு. அந்த விமர்சனம் நியாயமானதே. அதற்காக அவரது முந்தைய 20 ஆண்டுப் பணியை நாமே நாள்காட்டியிலிருந்து எடுத்துவிடுவது நியாயமாகாது.

அவர் மறைந்தது 1943 ஆகஸ்ட் 20. அதே ஆகஸ்ட் 20 ராஜீவ் காந்தியின் பிறந்தநாள். நல்லிணக்க நாளாக அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கப்படும் நாள். ராஜீவ் 1991 மே 21 அன்று தாம்பரத்துக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். மே 21 பயங்கரவாத எதிர்ப்பு நாளாயிற்று. அதற்கும் உறுதிமொழி உண்டு. முந்தைய நாளான மே 20 அயோத்திதாசரின் பிறந்தநாள். சாதி, மதம், மொழி கடந்த ஒற்றுமையை உறுதியேற்கும் அலுவலர்கள், அந்த ஒற்றுமைக்கான தடை எது என்பதை எழுதிக்கொண்டே இருந்த இருவரின் நாள்களை, அறியாமலேயே தாண்டிச் செல்கின்றனர்.

குரோம்பேட்டையில் கலாம் படித்த எம்.ஐ.டி. இருக்கிறது. 2015 சூலையில் அவர் மறைந்த சில நாள்களில் தமிழ்நாடு அரசு அக்டோபர் 15-ஐ இளைஞர் எழுச்சி நாளாக அறிவித்தது. எந்த இயக்கமும் கேட்டுப் போராட வேண்டியிருக்கவில்லை. கலாமின்மீது மக்கள் கொண்ட அன்பு உண்மையானது; அதில் நமக்கு ஐயமில்லை. சில நாள்களில் முடிவது சிலருக்கு ஒரு நூற்றாண்டு ஆவதேன் என்பதே கேள்வி.

அதற்கடுத்து தாம்பரம் சானடோரியம். 2005 செப்டம்பர் 3 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இங்கேதான் உள்ளது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். பண்டிதர் சித்த மருத்துவர்; தம் மருத்துவ அறிவைக் கொண்டே வாழ்ந்தவர். ஆகவே பெயர் மிகப் பொருத்தம். ஆனால் 2018 முதல் ஒன்றிய ஆயுஷ் துறை கொண்டாடத் தொடங்கிய சித்த மருத்துவ நாள், அகத்தியர் பிறந்ததாகச் சொல்லப்படும் மார்கழி ஆயில்யத்தை ஒட்டியது. புராண முனிவருக்கு நட்சத்திரம் கிடைத்தது. 1845 மே 20 என்று தேதியுள்ள மருத்துவருக்குக் கட்டடத்தின் பெயர்ப்பலகை கிடைத்தது. வடக்கிலிருந்து வந்த வேத முனிவராக அகத்தியரைக் கட்டமைக்கும் கதைகளுக்கு மாற்றாகத் தமிழ்ப் பௌத்த வரலாறு ஒன்றைத் தம் இதழில் எழுதியவர் பண்டிதர் என்பதை எண்ணும்போது முரண் இன்னும் தெளிவாகிறது. அவரது 'ஒரு பைசாத் தமிழன்' இராயப்பேட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கியது 1907 ஜூன் 19. டெக்சாசின் விடுதலை நாளும் அதே ஜூன் 19 என்பது தற்செயல்தான். ஆனால் நினைவில் வைக்க எளிது.

தடத்தின் முடிவில், கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. ராதாகிருஷ்ணன் இக்கல்லூரியின் மாணவர். ஆனால் அவர் படித்தபோது கல்லூரி பாரிமுனையருகே இருந்தது. தாம்பரத்துக்கு மாறியது 1937-இல். 1962-இல் அவர் குடியரசுத் தலைவரானதும், அவர் பிறந்தநாளைக் கொண்டாட விரும்பிய மாணவர்களிடம் அதை ஆசிரியர்களுக்கான நாளாகக் கொள்ளும்படி அவர் சொன்னார் என்பது வழங்கிவரும் செய்தி. சிறந்த ஆசிரியர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் விருதும் அவர் பெயரிலேயே உள்ளது. மறுபுறம், 1848-இல் பெண்களுக்கும் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டோருக்கும் பள்ளி திறந்த இணையரில் ஒருவரான சாவித்திரிபாய் பூலே பிறந்த சனவரி 3-ஐ ஆசிரியர் நாளாகக் கொள்ள வேண்டும் என்று தலித், பெண்ணிய அமைப்புகள் நெடுங்காலமாகக் கோருகின்றன. தத்துவப் பேராசிரியரைப் போற்றுவதில் தவறில்லை. கல்லடியும் சாணியடியும் பட்டுப் பள்ளி நடத்தியவருக்கு நாள் இல்லை என்பதுதான் தவறு.

தடை உத்தரவுக்குள் ஒரு நினைவு

அரசு தரும் நாள்களைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதையே சொன்னவர்களாவோம். செப்டம்பர் 11 பரமக்குடி. 1957-இல் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்ட நாள். இலட்சக்கணக்கில் மக்கள் கூடும் அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு போடப்படுவது ஆண்டுதோறும் நிகழ்வது. 2011-இல் அதே நாளில் காவல்துறை சுட்டதில் தலித்துகள் உயிரிழந்தனர். நினைவேந்தச் சென்றவர்களே நினைவுக்குரியவர்களாயினர். அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்திய அஞ்சல் துறை இமானுவேலுக்கு அஞ்சல்தலை வெளியிட்டிருந்தது. அஞ்சல்தலையும் துப்பாக்கிக் குண்டும் ஓராண்டு இடைவெளியில் வந்தன.

டிசம்பர் 25 கீழ்வெண்மணி. 1968-இல் 44 பேர் எரிக்கப்பட்ட நாள். சூன் 30 மேலவளவு. 1997-இல் முருகேசனும் தோழர்களும் வெட்டப்பட்ட நாள். சூலை 23 தாமிரபரணி. 1999-இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணியில் 17 பேர் இறந்த நாள். இவற்றில் எதற்கும் அலுவலகங்களில் உறுதிமொழி கிடையாது. 2021 முதல் ஆகஸ்ட் 14 பிரிவினைக் கொடுமைகளை நினைவுகூரும் நாள் என்றும், 2024-இல் சூன் 25 அரசமைப்புப் படுகொலை நாள் என்றும் ஒன்றிய அரசு விரைந்து அறிவித்தது. எந்தக் கொடுமை நாட்டின் துயரம், எது ஊர்த் தகராறு என்ற பகுப்பு இவ்வறிவிப்புகளின் உள்ளே இருக்கிறது.

1959-இல் இந்தியாவுக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங், கேரளத்தில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குச் சென்றார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள இன்னொரு தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் திகைத்ததாகவும், பின்பு அது உண்மையே என்று உணர்ந்ததாகவும் 1965-இல் ஆற்றிய உரையில் கிங் கூறினார். அவர் அவ்வுரைக்குத் தேர்ந்தெடுத்த நாள் சூலை 4, அமெரிக்க விடுதலை நாள். நாட்டின் விழாநாளிலேயே, நாட்டால் ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசுவது கறுப்பின மக்களின் பழைய மரபு. 1852-இல் டக்ளசும் அவ்விழாவையொட்டி, அதற்கு மறுநாளான சூலை 5 அன்று அவ்வாறே பேசினார்.

அம்மரபை இங்கே பின்பற்ற விரும்பும் மாணவர் அமைப்புகளுக்கு இத்தடத்தில் வேலை நிறைய இருக்கிறது. செப்டம்பர் 5 அன்று ஆசிரியர் நாள் மேடையிலேயே எம்.சி. ராஜாவின் பாடநூல் பணியையும் சாவித்திரிபாயையும் பேசலாம். சித்த மருத்துவ நாளில் சானடோரியத்தில் பண்டிதரின் மருத்துவ எழுத்துகளைக் கண்காட்சியாக வைக்கக் கோரலாம். பரங்கிமலையில் ராஜா பிறந்தவர் என்பதைச் சொல்லும் ஒரு பலகை வேண்டும் என்று ரயில்வே நிர்வாகத்துக்கும் மாநகராட்சிக்கும் மனுக் கொடுக்கலாம். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், முடிச்சூர்ப் பகுதிகளின் பழைய குடியிருப்புகளில் முதல் இரவுப்பள்ளி நடத்தியவர், முதல் சிலையை நிறுவியவர், முதல் பட்டதாரி யார் என்று முதியோரிடம் கேட்டு எழுதலாம். பிறந்த தேதி கேட்டால் பள்ளிச் சான்றிதழில் உள்ளதைச் சொல்வார்கள். அதோடு நிறுத்தாமல், அது யார் எழுதிய தேதி என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.